நல்ல கை, காது இல்லை

மானத்தின் விலை அன்று காலை எட்டரை மணிக்கு நாற்பத்தைந்தாயிரம். டீசல் தனி.

விலையைச் சொன்னது போனில் ஒரு பெண்குரல். கேட்டுக்கொண்டிருந்தவன் முழங்கால் வரை சேற்றோடு ஏரிக்கரையில் நின்ற ஒரு பொக்லைன்காரன். ஒரே ஒரு இயந்திரம் சொந்தமாக வைத்திருந்ததால் வேலையிடத்தில் எல்லோரும் அவனை 'முதலாளி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒற்றை வண்டிக்காரனை முதலாளி என்று கூப்பிடுவதில் மரியாதை கால்வாசி, குத்தல் முக்கால்வாசி. அது தெரிந்தும் அவன் திரும்பிப் பார்ப்பான். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாதவனுக்கு அடுத்த வேலை யார் கொடுப்பார்கள்?

அந்த ஒற்றை வண்டி இப்போது ஏரிக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கேபின் படி வரை சேற்றில் கிடந்தது. வெயிலுக்கு இறங்கிய எருமை மாதிரி... எழுந்திருக்கிற எண்ணமே இல்லாமல். மேலே இருக்கிற மதகை மூன்று மணிக்குத் திறப்பார்கள் என்று நேற்றே சொல்லியிருந்தார்கள். தண்ணீர் வந்து என்ஜினுக்குள் புகுந்தால் வண்டி போயிற்று. வண்டி போனால் மிஞ்சுவது நாலு வருடத் தவணையும், அடுத்தவன் வண்டியில் கூலிக்கு உட்காருகிற பழைய பிழைப்பும்தான்.

இருபத்தைந்து என்று கேட்டுப் பார்த்தான்.

"சரிங்க... வச்சிடட்டுமா?" என்றது குரல்.

பேரத்தில் கோபப்படுகிறவரைச் சமாளிக்கலாம். சிரிக்கிறவரையும் சமாளிக்கலாம். 'வச்சிடட்டுமா' என்று கேட்கிறவரிடம்தான் கொம்பன் வியாபாரியும் கவிழ்வான். இவனும் கவிழ்ந்தான். அவசரமாக, வரச் சொன்னான்.

வைப்பதற்கு முன்னால் அவள் ஒன்று சொன்னாள். "நான் வர்ற வரைக்கும் வண்டிய அசைக்காதீங்க. பக்கெட்டை ஊனி எழுப்பிப் பார்க்கலாம்னு தோணும். தோணட்டும்... செய்யாதீங்க."

அவன் அதை ஏற்கெனவே மூன்று தடவை செய்திருந்தான். ஒவ்வொரு தடவைக்கும் வண்டி ஒரு சாண் கீழே போயிருந்தது. சொல்லவில்லை. சரக்கின் பழுதை விற்கிறவனா முதலில் சொல்வான்?

பத்து மணிக்கு, புதைந்த வண்டிகளை வடம் கட்டி இழுக்கிற வின்ச் லாரி கரைமேல் ஊர்ந்து வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தலை நரைத்த பெரியவர். பக்கத்து இருக்கையிலிருந்து அவள் குதித்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, இடுப்பில் செருகிய தோல் கையுறை, முடியை இறுக்கிக் கட்டிய ஒரு துணி. வந்தவள் முதலில் வண்டியைப் பார்த்தாள். அப்புறம் சேற்றை. அப்புறம் வானத்தை. நாலாவதாகத்தான் அவன்.

அந்தக் கண்கள்... பெய்யுமா பெய்யாதா என்று பிடிகொடுக்காத மேகம் மாதிரி இருந்தன. குடை எடுப்பதா வேண்டாமா என்று ஒரு மனிதனை வாசலிலேயே நிற்க வைத்துவிடுகிற ஜாதி. அவன் நின்றான்.

"மூணு தடவை எழுப்பிப் பார்த்திருக்கீங்க," என்றாள்.

"ரெண்டு."

"பக்கெட் ஊனின குழி மூணு இருக்கு."

"ஒன்னு... சும்மா."

லாரியிலிருந்து இறங்கிய பெரியவர் இருமுவதுபோல் சிரித்தார். அவளுடைய சித்தப்பாவாம். அப்பாவுக்கு முதுகு போனதிலிருந்து லாரியும் கொக்கியும் இவள் பொறுப்பு, ஸ்டியரிங்கும் வின்ச் லீவரும் அவர் பொறுப்பு. இந்த விவரமெல்லாம் அவரே சொன்னது. அவள் சொல்வதற்கு நின்றால்தானே.

வண்டி எப்படி இறங்கியது என்று அவள் கேட்டாள். தரை ஏமாற்றிவிட்டது என்றான் அவன். பக்கத்தில் நின்ற, ஏரி தூர்வாரும் வேலையின் சூப்பர்வைசர் செருமினார். அந்த இடத்துக்குப் போகாதே என்று முந்தின நாள் அவர் சிவப்புத் துணியைக் காட்டி ஆட்டியதும், இவன் அதைக் கொடியேற்றம்போல் ரசித்துவிட்டுப் போனதும் அந்தச் செருமலுக்குள் இருந்தன. அவள் செருமலை மட்டும் கேட்டுக்கொண்டாள். மேலே கேட்கவில்லை.

வேலை ஆரம்பித்தது. சேற்றில் புதைந்த வண்டியை இழுப்பது பலசாலி வேலை என்று வெளியே இருக்கிறவர்கள் நினைப்பார்கள். பாதிக்கு மேல் அது மண்வெட்டி வேலை. வண்டி உருளுகிற இரும்புச் செயினுக்கு அடியில் சேறு வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்த வாயைத் திறக்காமல் இழுத்தால் கம்பி வடம் அறும், இல்லை வண்டி இரண்டாகும். அதனால் பக்கவாட்டில் இரும்புக் குழாய்களைச் செருகிக் காற்று விட வேண்டும், செயினின் முன்னால் சரிவாக வெட்டிப் பலகை போட வேண்டும். கரையில் லாரிக்குப் பின்னால் ஆள் மட்டத்துக்குக் குழி தோண்டி, ஒரு மரத்தடியைக் கிடையாகப் புதைத்து, லாரியை அதோடு கட்ட வேண்டும். இல்லையென்றால் இழுக்கிற லாரியும் சேர்ந்து ஏரிக்குள் இறங்கும். வடத்தை வண்டியில் மாட்டிய கப்பி வழியாகத் திருப்பிக் கொண்டுவந்தால் இழுவை இரட்டிப்பு, வேகம் பாதி. கடைசியாக, விறைத்து நிற்கப்போகிற வடத்தின்மேல் நனைத்த சாக்குகளைப் போட வேண்டும். அறுந்தால் பாம்புபோல் சீறி வராமல் அந்தக் கனம் அதைக் கீழே தள்ளும்.

இதையெல்லாம் அவள் சொன்ன விதம், கடையில் பருப்பு விலை சொல்வதுபோல் இருந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அவன் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் இறங்கினான். முதலாளிகள் கரையில் நிற்பதுதானே வழக்கம் என்று அவள் கேட்டாள். ஒற்றை வண்டி முதலாளிக்குக் கரை ஏது என்றான். அவள் உதடு ஒரு நூல் அளவு நகர்ந்தது... அதற்குமேல் இல்லை. ஆனாலும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே அவன் ஒரு மணி நேரம் வெட்டினான்.

நடுவில் அவள் புருவத்தில் சேறு தெறித்தது. அவளுக்குத் தெரியவில்லை. இவன் சொல்லக் கூச்சப்பட்டு, தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினான். தொட்ட விரலில் சேறு. இப்போது இரண்டு பேர் புருவத்திலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிக் கோடு. அவள் பார்த்தாள். தோள்பட்டையால் தன்னுடையதைத் துடைத்துக்கொண்டாள். அவனுடையதை அப்படியே விட்டுவிட்டாள். கேட்டால்தானே சொல்வது.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. அவனுடைய அக்கா. அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள். அவன் கை இரண்டும் சேறு. மண் வேலைக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல் போனைச் செயின்மேல் வைத்து, முழங்கையால் பச்சையை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான்.

வண்டி ஏறியதா என்று அக்கா கேட்டாள். இன்னும் இல்லை, பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்து ஒரு வின்ச் லாரி வந்திருக்கிறது என்றான்.

"டிப்போ பின்னாடியா?" ஸ்பீக்கர் கரகரத்தது. "டேய்... எட்டு மாசம் முன்னாடி தரகர் ஒரு வின்ச் லாரி வீடு சொன்னாரே, அந்த வீடுடா அது. உன் போட்டோவைப் பார்த்துட்டு வேண்டாம்னு திருப்பி அனுப்பினாங்களே... அவ போட்டோவைக்கூட நம்ம கண்ணுல காட்டலை. அவ என்ன பெரிய இவளா? அவகிட்டயா போய்க் கையேந்திட்டு நிக்கிற?"

முழங்கையால் சிவப்பை அழுத்தினான். படவில்லை. மறுபடி அழுத்தினான். அக்கா இன்னும் இரண்டு வாக்கியம் பேசினாள். அவை இங்கே வேண்டாம். கடைசியில் குனிந்து மூக்கால் அழுத்தினான்.

சித்தப்பாவுக்கு வானத்தில் திடீரென்று பார்க்க நிறைய இருந்தது. அவள் கப்பியைப் பூட்டும் முள்ளை முறுக்கிக்கொண்டிருந்தாள். முறுக்கி முடித்து, ஒரு தரம் இழுத்துப் பார்த்து, நிமிர்ந்தாள்.

"கொக்கி மாட்டியாச்சு. ஏறி உட்காருங்க."

அவ்வளவுதான். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் தன்னை அவள் நாலாவதாகப் பார்த்தாளே... ஏற்கெனவே பார்த்துக் கழித்துவிட்ட முகம். எதற்காகக் கழித்தாள்? ஒற்றை வண்டி என்றா? கடன் என்றா? காதோரம் சூடேறியது. ஒரு வியாபாரி தன் சரக்கை எவனோ தள்ளிவிட்டுப் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வான். ஏன் தள்ளினான் என்று தெரியாமல் போவதைத்தான் பொறுக்கமாட்டான்.

அவள் கேபின் படியில் நின்று சட்டத்தைச் சொன்னாள். சைகை காட்டுவது ஒரே ஒரு ஆள், அது அவள். விரலைச் சுற்றினால் வின்ச் இழுக்கும், இவன் சும்மா இருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சை நோக்கி இழுத்தால் 'வா', அப்போதுதான் செயினைச் சுற்ற வேண்டும். கையை மடக்கினால் நிறுத்தம். என்ன நடந்தாலும் நிறுத்தம்.

தலையாட்டினான். பத்து வருடம் லீவர் பிடித்தவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறாள்... இருக்கட்டும். கை என்றால் என்ன என்று இன்றைக்குக் காட்டிவிடலாம்.

விரல் சுற்றியது. வடம் சேற்றிலிருந்து மெல்ல எழுந்து, தண்ணீரை உதறிக்கொண்டு விறைத்தது. வண்டி முனகியது. அடியில் எங்கோ உறிஞ்சல் விடுகிற சத்தம், பெரிய முத்தம் பிரிகிற மாதிரி. இடுப்புக்குக் கீழே வண்டி லேசாவது அவனுக்குத் தெரிந்தது. அவள் இன்னும் விரலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். இப்போது செயினுக்கு விசை கொடுத்தால் ஒரே மூச்சில் ஏறிவிடும். அவள் பார்க்கட்டும்...

கொடுத்தான்.

செயின் பலகையைக் கவ்வவில்லை. கவ்வ அது இன்னும் ஒரு முழம் ஏறியிருக்க வேண்டும். வெற்றுச் சேற்றில் சுழன்று, வண்டி பக்கவாட்டில் உதறியது. அந்த உதறல் வடம் வழியாக லாரிக்குப் போய், லாரியிலிருந்து மரத்தடிக்குப் போனது. மரத்தடி குழியை விட்டு எகிறியது. லாரி ஒரு முழம் முன்னால் சறுக்கி நின்றது. தளர்ந்த வடம் துள்ளியது. ஈரச் சாக்குகள் அதைச் சேற்றில் அடித்துப் போட்டன, ஆனால் அதன் ஒரு மடிப்பு போகிறபோக்கில் லாரியின் பக்கக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. லீவர் பக்கத்தில் நின்ற சித்தப்பா லாரிப் படியிலிருந்து தோள் அடிபட விழுந்தார்.

அவன் ஓடி வருவதற்குள் அவள் அவரைத் தூக்கி உட்கார வைத்திருந்தாள். எலும்பு முறியவில்லை, கை மட்டும் மேலே போகவில்லை. அவர் கண்ணாடிக்காகத்தான் அதிகம் வருத்தப்பட்டார். அவள் திட்டவில்லை. எழுந்து போய்ச் சாக்குகளை உதறி, கிளம்புகிறவள்போல் வடத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

மணி ஒன்றேகால்.

மரத்தடிக் குழி ஈரம் என்று அவனுக்குச் சொல்லத் தோன்றியது. லீவர் தேய்மானம் என்றும் தோன்றியது. நாக்கு நுனியில் நாலு காரணம் வரிசையில் நின்றது, நாலும் நல்ல காரணம், எந்தச் சந்தையிலும் விலை போகும். அவன் சுருளுகிற வடத்தைப் பார்த்தான். சூப்பர்வைசரும் கூலி ஆட்களும் சுற்றி நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு என்னோடதுங்க," என்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். "நீங்க 'வா' காட்டலை. நான்தான் கொடுத்தேன். நேத்து வண்டி இறங்கினதும் அப்படித்தான். தரை ஏமாத்தலை. இவர் துணியக் காட்டினார்... நான் கேட்கலை."

சுருட்டுகிற கை நின்றது.

"அந்தப் போட்டோவை வேண்டாம்னு சொன்னது நான்தான்," என்றாள் அவள், வடத்தைப் பார்த்துக்கொண்டே. "ஒத்த வண்டின்னோ கடன்னோ இல்ல. நீங்க முன்னாடி வேலை பார்த்த குவாரியில சைகை காட்டற ஆளு எங்களுக்குத் தெரிஞ்சவர். அவர்கிட்ட விசாரிச்சேன். நல்ல கை, ஆனா காது கிடையாதுன்னார். நான் நாளெல்லாம் அறுந்தா ஆளை வெட்டற வடத்துக்கு முன்னாடி நிக்கிறவ. காது இல்லாத ஆளோட... வீட்டுல வேற எதுக்குங்க."

அவன் தரையில் எகிறிக் கிடந்த மரத்தடியிடம் போய், மண்வெட்டியை எடுத்து, குழியை ஆழமாக வெட்டத் தொடங்கினான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மண்வெட்டியின் சத்தம் பக்கத்தில் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

இரண்டே முக்காலுக்கு எல்லாம் மறுபடி தயாரானது. சித்தப்பா ஒற்றைக் கையால் லீவரைப் பிடித்தார். தூறல் போட்டது. கேபின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், மழைக்கோடுகளுக்கு நடுவே, ஒரு விரலைச் சுற்றினாள்.

வடம் விறைத்தது. வண்டி எழும்பியது. ஒரு முழம்... செயின் எதையோ தொட்டது. பலகை. அப்போது அவள் இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு இழுத்தாள். கொடுத்தான். கவ்வியது. வண்டி ஏறியது, மூக்கு நிமிர்ந்தது, பாதி உடம்பு வெளியே வந்துவிட்டது. இன்னும் இரண்டு சுற்று போதும். பத்து வருட அனுபவமும் உள்ளங்காலும் ஒரே குரலில் கொடு, கொடு என்றன.

அவள் கையை மடக்கினாள்.

தொலைவில் மதகுப் பக்கம் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. தண்ணீர். அது அவளுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் மடக்கியிருக்கிறாள். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவத் தொடங்கியது. நாலு வருடத் தவணை நழுவுகிற சத்தம் கேட்டது. அவன் இரண்டு கையையும் லீவரை விட்டு எடுத்தான். எடுத்த கை சும்மா இருக்கவில்லை, திரும்பிப் போகப் பார்த்தது. அதனால் இரண்டையும் தலைமேல் வைத்துக்கொண்டான்.

அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கரைக்கு ஓடினாள். கேபினிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை. மரத்தடிக்கு முன்னால் மண் வாய் பிளந்திருந்ததும், இன்னும் ஒரு இழுப்பில் லாரியோடு சித்தப்பாவும் ஏரிக்குள் வந்திருப்பார் என்பதும் பிறகுதான் அவனுக்குத் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், அவளும் சூப்பர்வைசரும் இரண்டு ஆட்களும் இரும்பு முளைகளைச் சம்மட்டியால் அடிக்கிறார்கள், தண்ணீர் செயினைத் தொட்டுவிட்டது, தான் தலைமேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்... இவ்வளவுதான். இருபது நிமிடம். தண்ணீர் முதல் படிக்கு வந்தது. அவன் கை இறங்கவில்லை.

திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. தலைத்துணி எங்கோ போய், நனைந்த முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். தலைமேல் இருந்த கைகளை ஒரு கணம் பார்த்தாள். பிடிகொடுக்காத அந்த மேகம்... முதல் துளியை விட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

விரல் சுற்றியது. அப்புறம் இரண்டு உள்ளங்கையும் நெஞ்சுக்கு வந்தன. வா.

வந்தான்.

நாலு மணிக்கு வண்டி கரைமேல் நின்று சேற்றை வடித்துக்கொண்டிருந்தது. அது கிடந்த இடத்தில் ஏரி ஒன்றும் நடக்காததுபோல் மூடிக்கொண்டது. அவள் பில் எழுதினாள், பக்கக் கண்ணாடியும் சேர்த்து. அவன் பேரம் பேசாமல் கொடுத்தான். சித்தப்பா மழைக்கு லாரிக்குள் ஏறி, கதவை உள்ளேயிருந்து நன்றாகச் சாத்திக்கொண்டார். விவரம் தெரிந்த மனிதர்.

அவள் வடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் மறுமுனையை எடுத்துத் துடைத்தான். நடுவில் பத்தடி வடம் பாக்கியிருந்தபோது, தரகரை மறுபடியும் அனுப்பலாமா என்று கேட்டான்.

"தரகருக்கு எதுக்குக் கமிஷன்?" என்றாள் அவள், நிமிராமல்.

அவனுக்குப் புரிய அஞ்சு அடி பிடித்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க," என்றான். "காலையில, குழிய எண்ணினீங்க பாருங்க... அப்பவே."

"எனக்கு மூணு மணிக்குத்தான்," என்றாள். "கையத் தலைமேல வச்சீங்களே..." அதற்குமேல் வடத்தில் துடைக்க ஒன்றும் இல்லை, இருந்தும் துடைத்தாள். "இல்ல. பொய் சொல்லக்கூடாது. தரகர் கவர்ல உங்க போட்டோ ரெண்டு இருந்துச்சு... நான் ஒன்னுதான் திருப்பி அனுப்பினேன்."

தூறல் கொஞ்சம் வலுத்தது. இரண்டு பேரும் நகரவில்லை.

அன்று இருட்டுவதற்குள் நிலவரம் இதுதான். அவன் சம்மதம் ஒன்று. அவள் சம்மதம் ஒன்று. அடிபட்ட தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைச் சரியாகப் பொருத்தித் தந்தால் சரி என்று சொன்ன சித்தப்பாவின் சம்மதம் ஒன்று. படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "உன் இஷ்டம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட அவள் அப்பாவை அரை என்று போட்டுக்கொள்ளலாம். ஆக வரவு மூன்றரை. பாக்கி, ஒரு அக்கா.